வேலையை விட்டுப் பாட வருகிறவர்களுக்கு: முதலில் முடிக்க வேண்டிய காகித வேலைகள்

சோழிங்கநல்லூரில் ஒரு சாப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டே, ராத்திரிகளில் பாட்டெழுதி, மெட்டுப் போட்டு, நானே பாடிப் பதிவேற்றிக்கொண்டிருந்தவன் நான். வேலையை விட்டு இரண்டரை வருடம் ஆகிறது. இதற்குள் எழுதி முடித்த பாட்டு பதினொன்று. நிரப்பிய படிவங்களுக்குக் கணக்கே இல்லை. அவற்றில் பாதியைச் சம்பளம் வந்துகொண்டிருந்தபோதே முடித்திருக்கலாம். முடிக்காததால் கைவிட்டுப் போன பணம் சுமாராக ஒன்றரை லட்சம். உங்களுக்கும் அது போக வேண்டாம்.

நல்ல பாட்டு எழுதுவது எப்படி என்று இதில் தேடாதீர்கள். சினிமா வாய்ப்புக்காகக் காத்திராமல், சொந்தப் பாட்டை வைத்துச் சென்னையிலோ தமிழ்நாட்டின் வேறு ஊரிலோ முழுநேரமாகப் பிழைக்க நினைப்பவருக்கு எது முதல், எது அடுத்து என்று மட்டும் சொல்கிறேன். தொகைகளில் அரசு, யூடியூப் போன்ற இடங்களின் கணக்கு அப்படியே. ஸ்டுடியோ, மேடை ரேட் எல்லாம் நான் கொடுத்தது, வாங்கியது. உங்கள் ஊரில் கூடலாம், குறையலாம்.

1. ராஜினாமாக் கடிதத்துக்கு முன்னால்

வேலையில் சேர்ந்தபோது கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். "பணிக்காலத்தில் ஊழியர் உருவாக்கும் அனைத்தும் நிறுவனத்துக்கே சொந்தம்" என்று ஒரு வரி பலவற்றில் இருக்கும். பாட்டுக்கும் மென்பொருளுக்கும் என்ன சம்பந்தம் என்று நினைப்போம்; வரியில் "அனைத்தும்" என்றுதானே இருக்கிறது? எச்.ஆருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி, வேலை நேரத்துக்கு வெளியே நான் உருவாக்கும் இசை இதில் சேராது என்று எழுத்தில் வாங்கிவிடுங்கள். கம்பெனி லேப்டாப்பில் பாட்டுப் பதிவு வேண்டவே வேண்டாம்.

பணிக்கொடையை (கிராஜுவிட்டி) பாருங்கள். நிரந்தர ஊழியராக ஐந்து வருடம் ஆகியிருந்தால் அது உங்கள் பணம். நாலே கால் வருடத்தில் பொறுமை போய்க் கடிதம் எழுதியவர்கள் எனக்குத் தெரிந்து இரண்டு பேர். கடைசி அடிப்படைச் சம்பளம் 40,000 ரூபாய் என்றால் ஐந்து வருடத்துக்கு ஒரு லட்சத்துக்கு மேல் வரும். அது மூன்று பாட்டு பதிவு செய்யும் காசு.

அடுத்து மருத்துவக் காப்பீடு. கம்பெனி கொடுத்த குழுக் காப்பீடு கடைசி வேலைநாளோடு முடிந்துவிடும். அதே காப்பீட்டு நிறுவனத்தில் தனிநபர் பாலிசியாக மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது. மாற்றினால் ஏற்கெனவே கழிந்த காத்திருப்புக் காலம் வீணாகாது. புதிதாக எடுத்தால், முன்பே இருக்கும் நோய்களுக்கு அதிகபட்சம் மூன்று வருடம் வரை காத்திருக்கச் சொல்வார்கள். விடுவதற்கு ஒரு மாதம் முன்பே கேளுங்கள். நான் விட்ட பிறகு கேட்டேன். அம்மாவுக்குச் சர்க்கரை. மீதி உங்களுக்கே புரியும்.

கிரெடிட் கார்டு, வாடகை வீடு மாற்றம், வண்டிக் கடன், எதுவாக இருந்தாலும் சம்பளச் சீட்டு கையில் இருக்கும்போதே முடித்துவிடுங்கள். "என்ன வேலை பார்க்கறீங்க தம்பி?" என்று கேட்ட வீட்டு உரிமையாளரிடம் "பாடகர்" என்றேன். "அது சரி, வேலை?" என்றார்.

கையிருப்பு: பன்னிரண்டு மாதச் செலவு. ஆறு மாதம் போதும் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். கச்சேரி முடிந்து பணம் கைக்கு வரவே மூன்று மாதம் ஆகும் தொழிலில் ஆறு மாதம் என்பது உண்மையில் மூன்று மாதம்தான்.

2. பெயரை முடிவு செய்யுங்கள்

சின்ன வேலைதான், தவறினால் வருடக்கணக்கில் துரத்தும். முதல் பாட்டு வெளியாகும் முன் ஸ்பாட்டிபை, ஆப்பிள் மியூசிக், ஜியோசாவன், யூடியூப் நான்கிலும் உங்கள் மேடைப் பெயரைத் தேடிப் பாருங்கள். கார்த்திக், பிரியா, விக்னேஷ் என்று ஒற்றைப் பெயர் வைத்தால் உங்கள் பாட்டு வேறொருவரின் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடும், அவர் பாட்டு உங்கள் பக்கத்துக்கு வரும். என் முதல் பாட்டு பதினேழு நாள் ஒரு பஞ்சாபிப் பாடகரின் பக்கத்தில் இருந்தது. அவருடைய ரசிகர்கள் பாவம்.

மேடைப் பெயர் எதுவானாலும், பணம் வரும் இடமெல்லாம் பான் அட்டையில் உள்ள பெயர், எழுத்துக்கு எழுத்து. ஆதாரில் இனிஷியல் முன்னால், பானில் அப்பா பெயர் முழுதாகப் பின்னால், வங்கியில் வேறு மாதிரி என்றிருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். நம் ஊர் இனிஷியல் எந்த வெளிநாட்டுப் படிவத்துக்கும் புரிவதில்லை.

ஆங்கில எழுத்துக்கூட்டலையும் ஒருமுறை முடிவு செய்து எங்கும் அதையே எழுதுங்கள், குறிப்பாகப் பெயரிலோ தலைப்பிலோ "ழ" இருந்தால். எல் போட்டுத் தேடுபவருக்கு இசட்-ஹெச் போட்டது கிடைக்காது.

3. பதிவுக்கு முன் ஒரு பக்கக் காகிதம்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் படிப்பதென்றால் இதைப் படியுங்கள்.

ஒரு பாட்டில் சட்டப்படி மூன்று தனிச் சொத்துகள் இருக்கின்றன: வரிகள், மெட்டு, பதிவு. வரி எழுதியவருக்கு வரியும் மெட்டமைத்தவருக்கு மெட்டும் சொந்தம். பதிவு, அதைத் தயாரித்தவருக்கு, அதாவது முன்முயற்சியும் பொறுப்பும் எடுத்துப் பதிவு செய்வித்தவருக்கு. மூன்றும் நீங்களே என்றால் நிம்மதி. ஆனால் நிஜத்தில் என்ன நடக்கிறது? கீபோர்டு புரோகிராமிங் செய்த நண்பர் சரணத்துக்கு நடுவே ஒரு இசைத்துணுக்கு வைக்கிறார், பாட்டே அதனால்தான் நிற்கிறது. அதற்குப் பங்கு உண்டா, கூலி மட்டுமா? இதைப் பாட்டு ஓடிய பிறகு பேசினால் நட்பு போய்விடும்.

நான் காகிதத்தை நீட்டியபோது என் நண்பர், "நமக்குள்ள என்ன ப்ரோ காகிதம்?" என்றார். நானும் மடித்து வைத்துவிட்டேன். எட்டு மாதம் கழித்து ஒரு விளம்பரத்துக்கு அந்தப் பாட்டைக் கேட்டார்கள். இரண்டு பேர் கையெழுத்தும் வேண்டும் என்றார்கள். பங்கு பேசி முடிக்கவே மூன்று வாரம் ஆனது. அதற்குள் அவர்கள் வேறு பாட்டை எடுத்துக்கொண்டார்கள். 60,000 ரூபாய்.

காகிதத்தில் இருக்க வேண்டியவை: பாட்டின் தலைப்பு, தேதி, வரி யார், மெட்டு யார், எத்தனை சதவீதம், பதிவு யாருக்குச் சொந்தம், வாசித்தவர்களுக்குக் கொடுத்த தொகை, அது கூலி மட்டுமா பங்கும் உண்டா. எல்லோருடைய முழுப்பெயர், பான் எண், கையெழுத்து. வாட்ஸ்அப்பில் "ஓகே ப்ரோ" என்பது ஒன்றுமில்லாததற்குப் பரவாயில்லை, அவ்வளவுதான். வாசித்தவர்களுக்குப் பணத்தை யூபிஐயில், பாட்டின் பெயரைக் குறிப்பில் போட்டு அனுப்புங்கள். பதிவைத் தயாரித்தது நீங்கள்தான் என்பதற்கு நாளைக்கு அதுவும் ஒரு ஆதாரம்.

இதிலேயே இன்னொரு குழி, வாங்கிய லூப்பும் (திரும்பத் திரும்ப ஓடும் இசைத்துண்டு) பீட்டும் (தயாராகக் கிடைக்கும் பின்னணி இசை). இணையத்தில் பத்து இருபது டாலருக்குக் கிடைக்கும் பீட் பெரும்பாலும் வாடகைதான். அதே பீட்டை இன்னும் நூறு பேர் வாங்கியிருப்பார்கள். அவர்களில் ஒருவர் அதை யூடியூபின் கன்டென்ட் ஐடியில் (ஒரே ஒலி வேறு வீடியோவில் வந்தால் தானாகக் கண்டுபிடிக்கும் ஏற்பாடு) ஏற்றிவிட்டால், உங்கள் வீடியோ மேல் அவருக்கு உரிமைக் கோரிக்கை வந்து நிற்கும். எனக்கு வந்தது. மறுப்புத் தெரிவித்தால் எதிர்த்தரப்புக்குப் பதில் சொல்ல 30 நாள் அவகாசம். கோரிக்கை வந்த ஐந்து நாளுக்குள் மறுத்தால் முதல் நாளிலிருந்தே வருமானத்தைத் தனியே நிறுத்தி வைப்பார்கள். தாமதித்தால் இடைப்பட்ட நாள்களின் பணம் போனதுதான். லூப் வாங்கிய ரசீதையும் உரிமப் பக்கத்தையும் பாட்டின் கோப்புறையிலேயே போட்டு வையுங்கள். நீங்களும் லூப் வைத்த பாட்டைக் கன்டென்ட் ஐடியில் ஏற்றாதீர்கள்.

பழைய கவிதைக்கு மெட்டுப் போடுகிறவர்களுக்கு: ஆசிரியர் மறைந்து 60 வருடம் வரை உரிமை வாரிசுகளிடம். பாரதியார், சித்தர் பாடல்கள், குறள் எல்லாம் தாராளமாகப் பாடலாம். 1981-இல் மறைந்த கண்ணதாசனின் வரிகளுக்கு 2041 முடியும்வரை அனுமதி வேண்டும்.

4. பதிவுச் செலவு

என் கடைசிப் பாட்டின் கணக்கு: குரலுக்கு ஸ்டுடியோ மூன்று மணி நேரம், மணிக்கு 1,000 வீதம் 3,000. புரோகிராமிங் 12,000. புல்லாங்குழல் 4,000. மிக்சிங் (எல்லா ஒலியையும் சமன்செய்து சேர்ப்பது) 9,000. மாஸ்டரிங் (இறுதி மெருகு) 2,500. அட்டைப்படம் 2,000. மொத்தம் 32,500 ரூபாய். கிட்டாரை வீட்டிலேயே பதிந்துகொண்டேன்.

வீட்டுக் கருவிகளுக்கு ஒரு ஆடியோ இன்டர்பேஸ் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி), ஒரு கண்டென்சர் மைக், ஹெட்போன், ஸ்டாண்டு எல்லாம் சேர்த்து 30,000 ரூபாய்க்குள் முடியும். ஒயர், கனெக்டர், மைக் ஸ்டாண்டுக்குச் சென்னை ரிச்சி தெரு. விலை உயர்ந்த மைக் வாங்கும் முன் அறையின் எதிரொலியைச் சரிசெய்யுங்கள். துணி அலமாரியைத் திறந்து வைத்து அதன் முன் நின்று பாடினால் பாதி வேலை முடிந்தது. பதிவு மென்பொருளுக்கு ரீப்பர் போதும். தனிநபர் உரிமம் 60 டாலர். திருட்டு மென்பொருள் வேண்டாம். மிக்சிங் பாதியில் இருக்கும்போது அது ஒரு நாள் திறக்காது.

ஸ்டுடியோவிலிருந்து வெளியே வரும்போது கேட்டு வாங்க வேண்டியவை: முழுப் பாட்டு வேவ் கோப்பாக, குரல் இல்லாத கரோக்கி, ஒவ்வொரு கருவியும் தனித்தனியாக. மேடைக்குக் கரோக்கி வேண்டும், விளம்பரத்துக்குத் தனித்தனி டிராக் வேண்டும். ஒரு வருடம் கழித்துப் போய்க் கேட்டால் "ஹார்டு டிஸ்க் போயிடுச்சு" என்பார்கள்.

5. எந்த டிஸ்ட்ரிபியூட்டர்

ஸ்பாட்டிபை, ஆப்பிள் போன்றவற்றுக்கு நீங்களே நேரடியாகப் பாட்டை ஏற்ற முடியாது. நடுவில் ஒரு டிஸ்ட்ரிபியூட்டர் வேண்டும். டிஸ்ட்ரோகிட்டில் வருடச் சந்தா. கட்டாமல் விட்டால் பாட்டுகள் இறங்கிவிடும், இறங்காமல் இருக்கப் பாட்டுக்குத் தனிக் கட்டணம். சிடி பேபியில் ஒருமுறைக் கட்டணம், பிறகு வருமானத்தில் 9 சதவீதம் அவர்களுக்கு. ரூட்நோட்டில் இலவசத் திட்டம் உண்டு, 15 சதவீதம் எடுத்துக்கொள்வார்கள். வருடத்துக்கு ஒன்றிரண்டு பாட்டு போடுகிறவருக்கு இலவசத் திட்டமே போதும். மாதம் ஒன்று போடுகிறவருக்குச் சந்தா. எந்த நிறுவனம் சிறந்தது என்று வாரக்கணக்கில் ஆராயாதீர்கள்.

ஆனால் ஐ.எஸ்.ஆர்.சி. எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பதிவுக்கும் 12 எழுத்து-எண் கொண்ட அடையாளம் அது. டிஸ்ட்ரிபியூட்டர் இலவசமாகவே தருவார். பின்னால் வேறு டிஸ்ட்ரிபியூட்டருக்கு மாறும்போது அதே எண்ணைக் கொடுத்தால்தான் இதுவரை ஓடிய எண்ணிக்கையும் பிளேலிஸ்ட் இடமும் தங்கும். புதுப் பாட்டாக ஏற்றிவிட்டால் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். பழைய இடத்தில் பாட்டை இறக்குவதும், புதிய இடத்தில் ஏறிவிட்டதை உறுதிசெய்த பிறகுதான்.

6. ரிலீஸ் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

பாட்டு முடிந்த அன்றைக்கே வெளியிடும் அரிப்பு எல்லோருக்கும் வரும். அடக்குங்கள். ஸ்பாட்டிபையின் பிளேலிஸ்ட் குழுவிடம் பாட்டைப் பரிந்துரைக்க வெளியாவதற்குக் குறைந்தது ஏழு நாள் முன்பே பாட்டு அவர்கள் கையில் இருக்க வேண்டும். வெளியான பாட்டைப் பரிந்துரைக்க முடியாது. டிஸ்ட்ரிபியூட்டர் சரிபார்க்கும் நாள்களையும் சேர்த்தால் நான்கு வாரம் முன்பே ஏற்றுவது நல்லது. அட்டைப்படம் சதுரமாக, 3000க்கு 3000 பிக்சல். அதில் இன்ஸ்டா முகவரி, கியூஆர் கோடு எதுவும் வைத்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். எனக்கு அதில் ஆறு நாள் போனது, பொங்கலுக்கென்று எழுதிய பாட்டு காணும் பொங்கலும் கழிந்து வந்தது.

"ஐந்தாயிரம் ரூபாய்க்கு ஒரு லட்சம் ஸ்ட்ரீம்" என்று இன்ஸ்டாவில் வருகிறவர்களிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். போலி ஓட்டம் தெரிந்தால் ஸ்பாட்டிபை டிஸ்ட்ரிபியூட்டருக்கு அபராதம் போடும், அவர்கள் அதை உங்களிடம் வசூலிப்பார்கள், பாட்டும் இறங்கும்.

ஸ்ட்ரீமிங் பணத்தைப் பற்றி: 2024 முதல் ஸ்பாட்டிபையில் ஒரு பாட்டு முந்தைய 12 மாதத்தில் 1,000 முறையாவது ஓடியிருந்தால்தான் பதிவுக்கான பணமே உண்டு. எனக்கு ஒரு வருடத்தில் எல்லாத் தளமும் சேர்த்து 41,000 ஸ்ட்ரீம், வந்தது 3,900 ரூபாய். அந்தக் கணக்கில் மேலே சொன்ன 32,500 திரும்ப வர ஏறக்குறைய மூன்றரை லட்சம் ஸ்ட்ரீம் வேண்டும். யூடியூப் விளம்பரப் பங்குக்கு 1,000 சந்தாதாரர், அதோடு 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வை அல்லது 90 நாளில் ஒரு கோடி ஷார்ட்ஸ் பார்வை. சினிமாப் பாட்டைக் கவராக, அதாவது நம் குரலில் மறுபடி, பாடிப் பார்வை சேர்க்கலாம்; விளம்பரப் பணம் பெரும்பாலும் அந்தப் பாட்டின் உரிமை வைத்திருக்கும் லேபிளுக்கு, அதாவது இசை நிறுவனத்துக்கு, போகும். ஆள் சேர்க்கக் கவர், காசுக்குச் சொந்தப் பாட்டு.

7. பாடலாசிரியர் என்ற முறையில் வரும் பணம்

டிஸ்ட்ரிபியூட்டர் தருவது பதிவுக்கான பணம் மட்டும். வரிக்கும் மெட்டுக்குமான ராயல்டி வேறு வழியில் வருகிறது. அதை இந்தியாவில் வசூலிப்பது மும்பையில் இருக்கும் ஐ.பி.ஆர்.எஸ். என்ற சங்கம். விண்ணப்பம் இணையத்திலேயே. பான், ஆதார், ரத்து செய்த காசோலை, புகைப்படம், வெளியான பாட்டுகளின் பட்டியல் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். உறுப்பினர் ஆனதோடு வேலை முடிந்ததென்று நான் ஒரு வருடம் சும்மா இருந்தேன். ஒவ்வொரு பாட்டையும் தனித்தனியாக, பங்கு சதவீதத்தோடு பதிவு செய்தால்தான் பணம் உங்கள் பெயரைத் தேடி வரும். மூன்றாவது படியில் சொன்ன காகிதம் இங்கேதான் பயன்படும். டிஸ்ட்ரிபியூட்டர் "பப்ளிஷிங்கும் பார்த்துக்கொள்கிறோம்" என்று, அதாவது இந்த ராயல்டியையும் தாங்களே வசூலிப்பதாக, ஒரு கட்டத்தில் டிக் கேட்பார். இரண்டு இடத்திலும் கொடுத்தால் சிக்கல், ஏதாவது ஒன்று. பாடகர் என்ற முறையிலான உரிமைக்கு இஸாம்ரா என்று தனிச் சங்கம் இருக்கிறது, அதையும் பார்த்துவிடுங்கள்.

பதிப்புரிமை (காப்பிரைட்) பதிவு கட்டாயமில்லை. எழுதிய கணமே உரிமை உங்களுடையது. ஆனால் வழக்கு என்று வந்தால் பதிவு கைகொடுக்கும். அரசுக் கட்டணம் வரிக்கு 500, மெட்டுக்கு 500, ஒலிப்பதிவுக்கு 2,000 ரூபாய். விண்ணப்பித்ததும் டைரி எண் வரும், யாராவது ஆட்சேபிக்கிறார்களா என்று 30 நாள் காத்திருப்பார்கள், அப்புறம் பரிசீலனை. எனக்குச் சான்றிதழ் வர எட்டு மாதம் ஆனது. "நாங்களே செய்து தருகிறோம்" என்று 8,000, 10,000 கேட்பவர்கள் நிரப்புவது நீங்களே நிரப்பக்கூடிய அதே படிவத்தைத்தான். எல்லாப் பாட்டுக்கும் நான் செய்வதில்லை. ஓடும் என்று தோன்றுகிற இரண்டு மூன்றின் வரிக்கு மட்டும்.

8. மேடையும் பில்லும்

போன வருடம் என் சராசரி மாத வரவு 52,000 ரூபாய். அதில் மேடை 24,000, விளம்பர ஜிங்கிளும் குறும்படமும் 13,000, இணைய வழி கிட்டார் வகுப்பு 11,000. ஸ்ட்ரீமிங், யூடியூப், ராயல்டி மூன்றும் சேர்ந்து 4,000. சொந்தப் பாட்டு வாசலில் போட்ட கோலம் மாதிரி. அதைப் பார்த்துத்தான் ஆள் உள்ளே வருகிறார்கள், அடுப்பு எரிவது மேடையில். இதை ஒத்துக்கொள்ள எனக்கு ஒரு வருடம் ஆனது, உங்களுக்கு ஆக வேண்டியதில்லை.

தேதி உறுதியாகும்போதே பாதிப் பணம் முன்பணம். முன்பணம் வராத தேதி உங்கள் தேதி இல்லை. வேறு யாராவது கேட்டால் கொடுத்துவிடுங்கள். சவுண்டு யார் பொறுப்பு, எத்தனை மணிக்கு ஒலிச் சோதனை, எத்தனை நேரம் பாட வேண்டும், வண்டிச் செலவும் சாப்பாடும் உண்டா, நிகழ்ச்சி ரத்தானால் முன்பணம் என்னாகும், இவ்வளவையும் ஒரு மின்னஞ்சலில் எழுதி "சரி" என்று பதில் வாங்குங்கள். ஹோட்டல், கம்பெனி விழாக்களில் சினிமாப் பாட்டுப் பாடினால் அதற்கான உரிமம் எடுப்பது அமைப்பாளர் பொறுப்பு என்று ஒரு வரி சேருங்கள். கல்யாணத்தையொட்டிய நிகழ்ச்சிகளுக்குச் சட்டத்திலேயே விலக்கு உண்டு.

கம்பெனிகளிடம் பணம் வாங்குவதுதான் பாடு. "அக்கவுன்ட்ஸ்ல இருக்கு சார்" என்று ஐந்து மாதம் ஓட்டினார்கள் ஒரு இடத்தில். பிறகு ஒரு ஆடிட்டர் அண்ணன் சொல்லித்தான் உத்யம் பதிவு செய்தேன். குறுந்தொழில் பதிவு அது. ஆதாரும் பானும் போதும், பத்து நிமிடம், கட்டணம் பூஜ்யம். தேடினால் முதலில் வருகிற, 1,500 ரூபாய் கேட்கும் பக்கங்கள் அரசுடையவை அல்ல. அந்தப் பதிவு எண்ணைப் பில்லில் அச்சிட்டால் என்ன லாபம்? பதிவு பெற்ற குறு, சிறு தொழிலுக்கு அதிகபட்சம் 45 நாளில் பணம் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தாமதித்தால், பணத்தைக் கொடுக்கும்வரை அந்தச் செலவை அவர்கள் வருமான வரியில் கழிக்க முடியாது. இது அவர்களுடைய அக்கவுன்ட்ஸ் ஆட்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். எண் அச்சிட்ட பிறகு எனக்கு எந்தப் பில்லும் இரண்டு மாதத்தைத் தாண்டவில்லை. நடப்புக் கணக்கு திறக்கவும் அதே சான்றிதழைக் காட்டலாம்.

பில்லில் எண், தேதி, உங்கள் முழுப்பெயர், பான், உத்யம் எண், வங்கி விவரம், நிகழ்ச்சி நடந்த நாளும் இடமும் இருந்தால் போதும். மாதம் மூன்று நாலு பில்தான், ஒரு எக்செல் தாள் போதும்.

9. வரி, வெளிநாட்டுப் பணம்

கம்பெனி கொடுக்கும் பணத்தில் 10 சதவீதம் பிடித்துக்கொண்டு தருவார்கள். 2025 ஏப்ரலிலிருந்து ஒரே நிறுவனம் ஒரு நிதியாண்டில் 50,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால்தான் இந்தப் பிடித்தம்; அதற்கு முன் 30,000. பான் கொடுக்காவிட்டால் 20 சதவீதம். பிடித்த பணம் உங்கள் பெயரில் உண்மையிலேயே கட்டப்பட்டிருக்கிறதா என்று வருமான வரித் தளத்தில் உங்கள் வரிப் பிடித்தக் கணக்கை மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள். எனக்கு ஒரு அமைப்பாளர் 7,000 ரூபாய் பிடித்தார், கட்டவில்லை. கேட்ட பிறகு கட்டினார்.

ஜி.எஸ்.டி. பதிவு ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால்தான். யாரோ கேட்கிறார்கள் என்று முன்கூட்டியே எடுத்துவிட்டால், வரவே இல்லாத மாதத்திலும் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டியிருக்கும்.

வரவில் பாதியை லாபமாகக் காட்டி எளிதாக வரி கட்டும் முறையைப் பற்றி எல்லோரும் சொல்வார்கள். அதற்கான தொழில் பட்டியலில் "திரைக் கலைஞர்" என்ற தலைப்பில்தான் பாடகரும் பாடலாசிரியரும் வருகிறார்கள், அதுவும் படத் தயாரிப்பு சார்ந்த வேலைக்கு. சுயாதீனப் பாடகருக்கு அது பொருந்துமா என்பதை உங்கள் பில்களைக் கொண்டுபோய்க் காட்டி ஆடிட்டரிடம் கேளுங்கள். வருடத்துக்கு 4,000 ரூபாய் வாங்குகிறார் எனக்குப் பார்ப்பவர். மைக், கேபிள், ஸ்டுடியோ வாடகை ரசீதுகளை வைத்தே அதைவிட அதிகம் மிச்சப்படுத்தித் தந்தார்.

யூடியூபும் வெளிநாட்டு டிஸ்ட்ரிபியூட்டர்களும் அமெரிக்க வரிப் படிவம் கேட்பார்கள், டபிள்யூ-8பென் என்று பெயர். பயந்து விட்டுவிடாதீர்கள். அதில் இந்தியக் குடியிருப்பாளர் என்று சொல்லிப் பான் எண்ணைக் கொடுத்தால், இரு நாட்டு ஒப்பந்தப்படி யூடியூபில் அமெரிக்கப் பார்வையாளர்களால் வந்த பணத்தில் மட்டும் 15 சதவீதம் பிடிப்பார்கள். படிவமே கொடுக்காவிட்டால் உலகம் முழுவதிலிருந்து வந்த மொத்தத்திலும் 24 சதவீதம் வரை பிடிக்கக்கூடும். நான் நான்கு மாதம் அப்படி இழந்தேன்.

10. லேபிள் ஒப்பந்தம் வந்தால்

முதல் பாட்டு கொஞ்சம் ஓடியதும் ஒரு லேபிள் 25,000 ரூபாய் தருகிறேன், பாட்டைக் கொடு என்று வரும். கை நடுங்கும். ஒரு வாரம் அவகாசம் கேளுங்கள். வாரம் தராதவரிடம் வருடம் கொடுக்காதீர்கள்.

உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும். வாங்கியவர் ஒரு வருடத்துக்குள் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லாதவரை உரிமை திரும்பிவிடும். இதெல்லாம் நமக்குச் சாதகமாக இருப்பதால்தான் அவர்கள் தாளில் "நிரந்தரமாக, உலகம் முழுவதும், இனி வரப்போகும் எல்லா ஊடகங்களிலும்" என்று ஒரு வரி எப்போதும் இருக்கிறது. அதை "மூன்று வருடம், பதிவு மட்டும்" என்று மாற்றக் கேளுங்கள். வரிக்கும் மெட்டுக்குமான ராயல்டியில் எழுதியவரின் சமபங்கை விட்டுக்கொடுக்கும்படி எழுதி வாங்க முடியாது, 2012 சட்டத் திருத்தம் அதைத் தடுத்திருக்கிறது. "அடுத்த ஐந்து பாட்டும் எங்களுக்கே" என்று எங்காவது ஒளிந்திருக்கும், தேடுங்கள். வழக்கறிஞர் ஒருவர் படித்துச் சொல்ல எனக்கு 4,000 ரூபாய் ஆனது.

11. எந்த மாதம் வெளியே வருவது

நான் ஜூன் கடைசியில் வெளியே வந்தேன். ஜூலை நடுவில் ஆடி பிறந்தது. கல்யாணம் இல்லை, ரிசப்ஷன் இல்லை, ரிசப்ஷனை நம்பியிருந்த எனக்கு மேடையும் இல்லை. முதல் நாற்பது நாளில் வந்த ஒரே வரவு ஒரு அம்மன் கோயில் திருவிழா, 3,500 ரூபாய்.

ரிசப்ஷன் மேடை ஆவணியில் தொடங்கும், புரட்டாசியில் தொய்ந்து ஐப்பசி, கார்த்திகையில் ஓடும், மார்கழியில் மறுபடி நின்று தையில் திறக்கும். மார்கழியில் கம்பெனிகளின் புத்தாண்டு நிகழ்ச்சிகள் கொஞ்சம் ஈடுகட்டும், ஆனால் அவற்றுக்கு ஆள் பிடிப்பது நவம்பரிலேயே முடிந்துவிடும். தை, மாசி நல்ல மாதங்கள். பங்குனி இடத்துக்கு இடம் மாறும். சித்திரை, வைகாசி மறுபடி சூடு பிடிக்கும். எனவே தை பிறக்கும்போது கையில் தேதிகளோடு வெளியே இருக்க வேண்டும். பல சாப்ட்வேர் கம்பெனிகளில் நோட்டீஸ் 90 நாள். அக்டோபர் இரண்டாவது வாரம் கடிதம் கொடுத்தால் பொங்கலுக்குச் சரியாக வரும். கடிதம் கொடுத்த மறுநாளே மண்டபங்களுக்கும் நிகழ்ச்சி ஏற்பாட்டாளர்களுக்கும் தை, மாசி சனி ஞாயிறுகள் காலியாக இருக்கின்றன என்று செய்தி அனுப்புங்கள். ஆண்டு போனஸ் எந்த மாதம் வருகிறது என்று பார்த்து, தேவைப்பட்டால் இரண்டு வாரம் முன்னே பின்னே நகர்த்திக்கொள்ளலாம்.